எந்தப் பெயரும் விடுபடாத பள்ளி: விளிம்புநிலை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வேலையோடு தொடங்குவோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பின் வருகைப்பதிவேட்டை வையுங்கள். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனவர்களை அடித்துவிடலாம். மீதிப் பெயர்களைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

அந்தப் பெயர்களை நிதானமாகப் படியுங்கள். யார் எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள், யாருக்குக் காது சரியாகக் கேட்காது, யாருடைய பெற்றோர் பிழைப்புக்காக ஆண்டுக்கு நான்கு மாதம் வெளியே போய்விடுவார்கள் என்று பாருங்கள். தற்செயலாக விடுபட்டிருந்தால் எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் அந்தத் தாளில் கலந்து இருக்க வேண்டும். அநேகமாக அப்படி இருக்காது. சில தெருக்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

உலகம் முழுவதும் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள், இளைஞர்கள் 25 கோடிப் பேருக்கும் அதிகம் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அந்த எண் எங்கோ தொலைவில் உருவாகவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு தாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததுதான்.

பிள்ளைகளைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பெரிய கொடுமைகள் இல்லை, பள்ளி தினமும் எடுக்கும் சாதாரண முடிவுகள் என்பது என் உறுதியான எண்ணம். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், யார் எங்கே உட்காருவது, கட்டணம் கட்டாதவர்களின் பெயரை எங்கே வைத்துப் படிப்பது, சேர்க்கையின்போது என்னென்ன தாள் கேட்பது என்பதெல்லாம் யாரோ ஒருவர் எடுத்த முடிவுகள். ஆகவே இன்னொருவர் மாற்றவும் முடியும். நீங்கள் தலைமையாசிரியராக இருக்கலாம், பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்வி அலுவலராக இருக்கலாம், பெற்றோர் குழுவில் ஓர் உறுப்பினராக இருக்கலாம். கீழே உள்ள படிகளில் உங்கள் கைக்கு எட்டுவதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் முதல் இரண்டு படிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன்: ஒரே மாதிரி நடத்தினால் போதுமா?

"நாங்கள் யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்" என்ற பதிலை இந்த வேலையில் அடிக்கடி கேட்பீர்கள். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லியிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 1,800 பேர் எந்தக் கூடுதல் உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில், ஒரே கட்டடமும் ஒரே புத்தகமும் ஒரே பாடத்திட்டமும் கொடுத்துவிட்டால் அது சமமாக நடத்துவது ஆகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. மொழி புரியாத பிள்ளைக்கு அந்த வகுப்பின் கதவு மூடித்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதற்கு யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உங்கள் ஆசிரியர்களோடு முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒவ்வொரு படியிலும் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி குறுக்கே நிற்கும்.

முதல் படி: சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

சராசரி பலவற்றை மறைத்துவிடும். ஒரு வகுப்பின் தேர்ச்சி 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மீதி 10 சதவீதம் முழுக்க ஒரே குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் என்றால் அது வேறு செய்தி.

வருகை, வாசிப்பு நிலை, பெற்ற தண்டனைகள், போட்டிகளுக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கும் யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், ஆண்டின் நடுவில் யார் நின்றுபோகிறார்கள் என்ற ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஆண், பெண், வசிப்பிடம், வீட்டு மொழி, வருமானம், மாற்றுத்திறன், உங்கள் சமூகத்தில் ஒதுக்கப்படும் பிரிவு எதுவோ அது என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் இரண்டு இரண்டாகச் சேர்த்தும் பாருங்கள். பெண் பிள்ளைகளின் வருகை மொத்தத்தில் நன்றாக இருக்கும். தொலைவான குடியிருப்பிலிருந்து வரும் பெண் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்தால் ஏழாம் வகுப்புக்குப் பிறகு கோடு சட்டென்று கீழே இறங்கும்.

மாற்றுத்திறன் பற்றிய தகவலில் ஒரு சிக்கல் உண்டு. "உங்கள் பிள்ளைக்கு ஊனம் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். வெட்கம் ஒரு காரணம். பல பேருக்குத் தெரிந்தே இருக்காது என்பது இன்னொரு காரணம். மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவும் யுனிசெஃபும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட கேள்விகள் இதை வேறு மாதிரி அணுகுகின்றன. கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதற்குச் சிரமமா, மற்றவர் பேசுவதைக் கேட்பதற்குச் சிரமமா, நடப்பதற்கு, கற்றுக்கொள்வதற்கு, நினைவில் வைத்துக்கொள்வதற்குச் சிரமமா, எவ்வளவு சிரமம் என்று அந்தக் கேள்விகள் போகும். பெயர் எதுவும் சூட்டாமல் சிரமத்தை மட்டும் கேட்கும்போது உண்மை வெளியே வருகிறது. கவனமில்லாதவன் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது இப்படித்தான் புரியும்.

இந்தத் தகவலைச் சேகரிக்கும் விதம் மிக முக்கியம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் இன்றே நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை ஒரு பிள்ளை ஆயுள் முழுக்க மறக்காது. பெற்றோரிடம் தனியே கேளுங்கள், சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுங்கள். ஒரு பிரிவில் நான்கைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: அவர்களிடமே கேளுங்கள்

எண்கள் எங்கே ஓட்டை என்று காட்டும். ஏன் என்று அந்தப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தில் 2001ஆம் ஆண்டு தே கோட்டாஹிதங்கா என்ற திட்டம் தொடங்கியபோது, ஆய்வாளர்கள் முதலில் செய்தது அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்களிடம் உட்கார்ந்து பேசியதுதான். பிறகு பெற்றோர், தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள்: மாவோரிப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள்? ஆசிரியர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் குடும்பச் சூழலைக் காரணமாகச் சொன்னார்கள். பிள்ளைகளோ ஆசிரியர்களோடு தங்களுக்கு இருந்த உறவைப் பற்றிப் பேசினார்கள். பிரச்சினை வீட்டில் இருக்கிறது என்று நம்பும் ஆசிரியர் தன்னால் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார். உறவில் இருக்கிறது என்றால் நாளைக் காலையே அவரால் ஏதாவது செய்ய முடியும். அந்தத் திட்டம் முழுவதும் ஆசிரியர்-மாணவர் உறவை மாற்றுவதைச் சுற்றியே அமைந்தது.

உங்கள் பள்ளியில் இதைச் செய்ய ஆய்வாளர்கள் தேவையில்லை. ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். கேட்பவர் அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் பேசும் மொழி கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்றுபோன பிள்ளைகளிடமும் போய்ப் பேச வேண்டும். அவர்கள் பள்ளிக்கு வர மாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும். பெற்றோரை அழைக்கும்போது அவர்களின் ஒரு நாள் கூலி போகாத நேரமாகப் பாருங்கள்.

"பள்ளி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பள்ளிக்குள் எந்த இடத்துக்குப் போகப் பிடிக்காது? ஆசிரியர் உன்னைப் பெயர் சொல்லிக் கடைசியாக எப்போது கூப்பிட்டார், எதற்காக? எந்த நாளில் பள்ளிக்கு வரவே மனம் வராது? பாடம் புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பாய்?

கேட்டுவிட்டு மறைந்துவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போய், "நீங்கள் சொன்னது இவை, இதில் இதைச் செய்யப்போகிறோம், இதை இப்போது எங்களால் செய்ய முடியவில்லை" என்று நேரில் சொல்லுங்கள். கேட்கப்பட்டும் எதுவும் நடக்காததைப் பார்த்துச் சலித்துப்போன குடும்பங்கள் இவை. இன்னொரு முறை அதே அனுபவம் என்றால் மூன்றாவது முறை உங்களுக்குக் கதவு திறக்காது.

மூன்றாம் படி: வாசலிலேயே இருக்கும் தடைகள்

கட்டணம்தான் முதல் தடை. மலாவி 1994இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தார்கள். பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எதுவும் வேண்டாம். அதே மலாவி இன்னொரு பாடமும் தந்தது. வந்த பிள்ளைகளுக்கு வகுப்பறையும் ஆசிரியரும் போதவில்லை. ஒரே வகுப்பில் நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கதவைத் திறக்கும் முன் உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

கட்டணமில்லாத பள்ளியிலும் மறைமுகச் செலவுகள் இருக்கும்: சீருடை, குறிப்பேடு, சுற்றுலா, ஆண்டு விழா உடை, செயல்திட்ட அட்டைகள், பஸ் கட்டணம். ஓர் ஆண்டில் பள்ளி ஒரு பிள்ளையிடம் கேட்கும் ஒவ்வொரு காசையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பல தலைமையாசிரியர்கள் அந்தக் கூட்டுத்தொகையை முதல் தடவையாகப் பார்க்கும்போது அமைதியாகிவிடுவார்கள். நேரடியாகப் பணம் கொடுத்த நாடுகளும் உண்டு. மெக்சிகோ 1997இல் தொடங்கிய புரோக்ரேசா திட்டம், பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம் கொடுத்தது. நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குத் தொகை அதிகம், ஏனென்றால் அந்த வயதில்தான் அவர்கள் அதிகம் நின்றார்கள்.

அடுத்த தடை தாள்கள். பிறப்புச் சான்று இல்லை, முகவரிச் சான்று இல்லை, பழைய பள்ளியின் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளை பெரும்பாலும் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கும். முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தாள்கள் பிறகு வரட்டும். தாள் வாங்கித் தரும் பொறுப்பைப் பள்ளியில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. கையில் தாள் வைத்திருக்கும் குழந்தை என்று அதில் இல்லை.

சில தடைகளை விதியாகவே எழுதிவைத்திருப்பார்கள். சியரா லியோனில் கர்ப்பமான மாணவிகள் பள்ளிக்கு வரத் தடை இருந்தது, 2020இல்தான் நீக்கப்பட்டது. தான்சானியா 2021இல் நீக்கியது. உங்கள் பள்ளியின் எழுதிய விதிகளையும் எழுதாத விதிகளையும் ஒருமுறை முழுவதும் படியுங்கள். திருமணமான பெண், வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவன், ஓராண்டு விட்டுப்போனவன் ஆகியோர் மீண்டும் சேர வழி இருக்கிறதா?

கழிவறை, தண்ணீர், சாய்தளம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டில்லாத, தண்ணீரில்லாத, ஆசிரியர்களுக்கு மட்டும் சாவி இருக்கிற கழிவறை கணக்கில் சேராது. மாதவிடாய் நாட்களில் நாப்கின் கேட்டு வாங்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது, எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: பணத்தைத் தேவையின்படி பிரியுங்கள்

தலைக்கு இவ்வளவு என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி கொடுத்தால், வசதியான பகுதிப் பள்ளி பெற்றோர் நன்கொடையால் மேலே போய்விடும், மற்றது அங்கேயே நிற்கும். இதைச் சரிசெய்ய எடையிட்ட நிதி என்ற முறை உண்டு. நெதர்லாந்து 1985 முதல் பின்தங்கிய சூழலில் இருந்து வரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் நிதியையும் ஒதுக்கியது. சிலி 2008இல் ஏழை மாணவர்களுக்கான முன்னுரிமை மானியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2011 முதல் வறிய பிள்ளைகளுக்கான கூடுதல் தொகை நேரடியாகப் பள்ளிக்குப் போகிறது.

கணக்கு எளிது. இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 200 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை 1, கூடுதல் தேவை உள்ள பிள்ளைக்கு 1.5. முதல் பள்ளியில் அப்படி 20 பேர் இருந்தால் அதன் எடை 210. இரண்டாவதில் 140 பேர் இருந்தால் 270. இருக்கும் பணத்தை 210க்கும் 270க்கும் உரிய பங்கில் பிரிக்க வேண்டும். எடை எவ்வளவு என்பதில் வாதம் வரும், வரட்டும். எடையே வேண்டாம் என்ற வாதத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் ஒரே ஒரு பள்ளிக்குத்தான் பொறுப்பு என்றாலும் பங்கிட வேண்டியவை உங்களிடமும் இருக்கின்றன: ஆசிரியர்களின் நேரம், நூலகப் புத்தகங்கள், கணினி அறை, மாலை வகுப்புகள். இந்த வாரம் கணினி அறையில் யார் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் போகும் பத்துப் பேருக்கே எல்லாம் போய்க்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பட்ஜெட்தான். கூடுதல் பணம் வந்தால் அது எந்தப் பிள்ளைகளுக்காக வந்ததோ அவர்களைப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் ஆண்டு முடிவில் கணக்கு எழுதுங்கள். சுவருக்கு வர்ணம் அடிப்பதில் பல நல்ல நிதிகள் காய்ந்துபோகின்றன.

ஐந்தாம் படி: ஆசிரியர்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில், யார் எங்கே கற்பிக்கிறார்கள் என்ற கேள்வி. விட்டுவிட்டால் அனுபவமுள்ளவர்கள் வசதியான பள்ளிகளுக்கு நகர்ந்துவிடுவார்கள், கடினமான பள்ளிகளுக்குப் புதியவர்களும் தற்காலிக ஆசிரியர்களும்தான் மிஞ்சுவார்கள். தென்கொரியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாறுகிறார்கள். நல்ல ஆசிரியர் ஒரே இடத்தில் தேங்குவதில்லை. காம்பியா 2006இல் கடினமான பகுதிகளுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் படி கொடுக்கத் தொடங்கியது. உத்தரவு போட்டு அனுப்புவதைவிட இது நல்லது. விருப்பமில்லாமல் வந்தவர் அடுத்த மாறுதலுக்கே காத்திருப்பார், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

இதே நகர்வு ஒரு பள்ளிக்குள்ளும் நடக்கும். மிகச் சிறந்த ஆசிரியர் எப்போதும் பொதுத்தேர்வு வகுப்புக்குப் போய்விடுவார். வாசிக்கக் கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு யார் மிச்சமோ அவர்கள். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு எழுத்து அங்கே பிடிபடவில்லை என்றால் பத்தாம் வகுப்பின் சிறந்த ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த ஆசிரியரை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள். அது தண்டனை மாதிரி தோன்றாமல் இருக்க அந்தப் பொறுப்புக்கு மரியாதையும், முடிந்தால் குறைந்த பாடவேளையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது எதிர்பார்ப்பு. 1968இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வில், சில பிள்ளைகள் விரைவில் மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகச் சின்ன வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் நிறைய விவாதம் நடந்தது. ஆனால் ஆசிரியர் யாரை நம்புகிறார் என்பது யாரைப் பார்க்கிறார், யாருக்குக் காத்திருக்கிறார், யாரைத் திருத்துகிறார் என்பதில் வெளிப்படும் என்பதை வகுப்பறையில் இருந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

இதை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். ஒரு பாடவேளை முழுவதும் சக ஆசிரியர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, நீங்கள் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பாராட்டினால் ஒரு வட்டம், திட்டினால் ஒரு பெருக்கல் குறி போடட்டும். என் வகுப்பில் முதல் தடவை இதைச் செய்தபோது, எல்லோரிடமும் பேசுகிறேன் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். தாளில் பின்வரிசை ஓரத்தில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அங்கே உட்கார்ந்திருந்த இருவரும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள். அந்த ஆண்டு முழுவதும் அவர்களோடு எத்தனை பாடவேளை இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தாளை அதிகாரிக்குக் காட்டக் கூடாது, மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் உதவும் கண்ணாடியாக மட்டும் இருந்தால்தான் உண்மையைக் காட்டும். ஒரு நாள் முழுக்க அரங்கில் உட்கார்ந்து சமத்துவம் பற்றிப் பேச்சுக் கேட்கும் பயிற்சியைவிட மாதம் ஒரு தாள் அதிகம் மாற்றும்.

மூன்றாவதாக, பிள்ளைகள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்களோ அங்கிருந்து ஆசிரியர்கள் வர வேண்டும். உடனே நடக்காது. அதுவரை அந்த மொழி தெரிந்த உதவியாளர்களையும் படித்த இளைஞர்களையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள், அவர்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வழி செய்யுங்கள்.

ஆறாம் படி: பாடம் பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கட்டும்

ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியவில்லை. ஆசிரியருக்கோ ஐந்தாம் வகுப்புப் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள். உடம்பு வகுப்பில் இருக்கும், படிப்பு முன்பே நின்றுபோயிருக்கும்.

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இந்தியாவில் வளர்த்தெடுத்த முறை இதற்குச் சரியான விடை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று எதுவரை வாசிக்க முடிகிறது என்று சில நிமிடங்களில் பாருங்கள். பிறகு தினமும் ஒன்று இரண்டு மணி நேரம் மட்டும் வகுப்பைக் கலைத்துவிட்டு, அந்த நிலையின்படி குழுக்கள் அமையுங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக் குழுவை மாற்றுங்கள். ஜாம்பியாவும் 2016இல் இதே வழியில் இறங்கியது.

இதையும், "நன்றாகப் படிப்பவர்கள் ஒரு செக்‌ஷன், மெல்லக் கற்பவர்கள் இன்னொரு செக்‌ஷன்" என்று நிரந்தரமாகப் பிரிப்பதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன குழு ஒரு மணி நேரத்துக்கு, ஒரு திறனுக்கு, சில வாரங்களுக்கு. நிரந்தரப் பிரிவில் ஒருமுறை விழுந்த பிள்ளை ஏறி வருவது அரிது, அங்கே யார் விழுகிறார்கள் என்பதை உங்கள் முதல் படிக் கணக்கே காட்டும். பின்லாந்து 1972 முதல் 1977 வரை, வடக்கிலிருந்து தொடங்கி, பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பிரிக்கும் பழைய அமைப்பை விட்டு எல்லோருக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளிக்கு மாறியது. அதற்குள்ளும் மிஞ்சியிருந்த திறன்வாரிப் பிரிவுகளை 1985இல் கைவிட்டது. போலந்து 1999இல் பிரிக்கும் வயதை ஓராண்டு தள்ளிவைத்தது.

மொழி விஷயத்தில் நான் சமரசம் செய்ய மாட்டேன். முதல் சில ஆண்டுகளாவது பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கக் கற்க வேண்டும், பிறகு பள்ளி மொழி படிப்படியாகச் சேர வேண்டும். வாசிப்பதை ஒருமுறைதான் கற்க வேண்டும்; புரிந்த மொழியில் கற்றால் அது அடுத்த மொழிக்கும் வந்துவிடும். வகுப்பில் ஐந்து மொழி என்றால் என்ன செய்வது? ஐந்து மொழியிலும் பாடம் நடத்த முடியாது. ஆனால் வீட்டு மொழியில் பேசினால் தண்டனை என்ற விதியை எடுக்கலாம், ஒரே மொழிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொள்ள விடலாம், பெரியவர்களை அழைத்து அவர்கள் மொழியில் கதை சொல்லச் சொல்லிப் பிள்ளைகளே அதைப் புத்தகமாக்கலாம்.

சைகை மொழியும் மொழிதான். 1880இல் மிலானில் கூடிய செவித்திறன் குறைந்தோர் கல்வி மாநாடு, உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்பிக்கும் பேச்சுமுறைதான் உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகை மொழியை வகுப்பிலிருந்து விலக்க வழிவகுத்தது. 2010இல்தான் வான்கூவர் மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. இடையில் 130 ஆண்டுகள். எத்தனை பிள்ளைகள் தங்கள் மொழியை மேசைக்கு அடியில் கைகளால் ஒளித்துப் பேசியிருப்பார்கள்! மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பது சரி. இத்தாலி 1977இலேயே சட்டம் போட்டுத் தனி வகுப்புகளை மூடியது. ஆனால் அந்தச் சட்டத்தோடு கூடவே துணை ஆசிரியர்களும் வந்தார்கள். துணை இல்லாமல் சேர்ப்பது அந்தப் பிள்ளையை மூலையில் உட்காரவைப்பதில்தான் முடியும்.

ஏழாம் படி: தண்டனையும் அவமானமும்

தண்டனைப் பதிவேட்டை முதல் படியில் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அதே தெருக்கள்தான் மறுபடி வந்திருக்கும். தாமதம், சீருடை இல்லை, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை போன்றவை பெரும்பாலும் வறுமையின் அடையாளங்கள். தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வரும் பெண்ணை வாசலில் நிறுத்தினால் முதல் பாடமும் போகும், மானமும் போகும். இப்படிப்பட்டவற்றைத் தண்டனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். இடைநீக்கம் என்பது, ஏற்கெனவே பள்ளியோடு ஒட்டாத பிள்ளையிடம் "நீ வேண்டாம்" என்று எழுத்தில் கொடுப்பது. மிகக் கடுமையான தவறுகளுக்கு மட்டும், தலைமையாசிரியரும் இன்னொருவரும் சேர்ந்து முடிவெடுத்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சாதி, இனம், மதம், நிறம், மொழி, உடல் பற்றிய கேலி வேறு. அதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளக் கூடாது. புகாரைக் கேட்க ஒருவருக்குப் பதில் இருவர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். புகார் ஆசிரியர் மீது என்றால் அது அந்த ஆசிரியரின் நண்பரிடம் போகாத வழி வேண்டும். பள்ளியில் யார் கூட்டுகிறார்கள், யார் கழிவறை கழுவுகிறார்கள், யார் கடவுள் வாழ்த்துப் பாடுகிறார்கள், யார் லீடர் என்று ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சமத்துவம் பற்றி எத்தனை பாடம் எடுத்தாலும் அவர்கள் படிப்பது இந்தப் பட்டியலைத்தான்.

எட்டாம் படி: எதிர்ப்பும் நிலைப்பும்

வசதியான பெற்றோர் சிலர் வருவார்கள். "எங்கள் பிள்ளைகளின் தரம் குறையும்" என்பார்கள். அவர்கள் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், ஆனால் அதற்குப் பணியவும் வேண்டாம். முந்தைய ஆண்டின் வாசிப்பு நிலையையும் இந்த ஆண்டினதையும் அவர்கள் முன் வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் வகுப்பில் அவர்கள் பிள்ளை என்ன கற்றது என்று காட்டுங்கள். யாரையும் விளிம்புக்குத் தள்ளாமல் நடத்துவது பள்ளியின் தயவு இல்லை. கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1960இலேயே வந்துவிட்டது என்பதையும் சொல்லலாம்.

நல்ல தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆவதை நிறையப் பார்க்கிறோம். அதனால் செய்தவற்றை எழுத்தில் வையுங்கள். வகுப்புகளைப் பிரிக்கும் முறை, சேர்க்கைக்குத் தாள் கேட்கும் முறை, தண்டனைப் பட்டியல், முதல் வகுப்புக்கு ஆசிரியரை அமர்த்தும் முறை எல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் பதிவாகட்டும். குழுவில் விடுபடும் குடும்பங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் பேச மாட்டார், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முயலாதீர்கள். முதல் மூன்று மாதம் பதிவேடுகளுக்கும் உரையாடலுக்கும். அந்த ஆண்டிலேயே கையிலிருந்து செலவில்லாமல் மாற்றக்கூடியவற்றை மாற்றுங்கள்: இருக்கை, தண்டனைப் பட்டியல், கழிவறைச் சாவி, ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், காலையில் ஒரு மணி நேர வாசிப்புக் குழு. பணமும் பணியிடமும் கேட்கும் கடிதங்களை இரண்டாம் ஆண்டில், கையில் எண்களை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அப்போது உங்கள் கடிதத்துக்கு எடை இருக்கும்.

ஆண்டுதோறும் ஒரே தேதியில் அந்த இரண்டு பதிவேடுகளையும் மறுபடி மேசையில் வையுங்கள். இந்த முறை விடுபட்ட பெயர்களை நீங்கள் எழுத வேண்டாம். பெற்றோர் குழுவிலிருந்து ஒருவர் எழுதட்டும், எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாரமே யார் வீட்டுக்குப் போகிறார் என்று பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதட்டும்.